துரிங்கியா தேர்தல் 2024: முதலிடம் பிடித்த கட்சி ஏன் ஆட்சிக்கு வரவில்லை? கேள்விகளும் பதில்களும்

2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் முடிந்த இரவு, ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "நியூஸ்ல பார்த்தேன், அந்தத் தீவிர வலதுசாரிக் கட்சி ஜெயிச்சிடுச்சாமே. இனி அவங்க ஆட்சிதானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று விளக்கிக்கொண்டே நள்ளிரவு தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் உறவுக்காரர்கள், நண்பர்கள் என்று பலர் இதே மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

துரிங்கியா எங்கே இருக்கிறது? அதன் தேர்தலை ஏன் எல்லாரும் கவனித்தார்கள்?

ஜெர்மனியின் நடுப்பகுதியில் இருக்கிறது. 1990 வரை கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்திருந்த நிலம். மக்கள்தொகை சுமார் 21 லட்சம், தலைநகர் எர்ஃபுர்ட். மார்ட்டின் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்த வார்ட்பர்க் கோட்டை இங்கேதான், ஐசனாக் நகரில் இருக்கிறது. 1919-இல் ஜெர்மனியின் முதல் குடியரசு அரசியலமைப்பை எழுதிய வைமார் நகரமும் இங்கேதான். அந்த வைமாரை ஒட்டிய குன்றின்மேல்தான் 1937-இல் நாஜிகள் புகன்வால்ட் வதைமுகாமைக் கட்டினார்கள். அங்கே சுமார் 56,000 பேர் செத்தார்கள்.

அந்த மண்ணில் ஏ.எஃப்.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி முதலிடம் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இப்படிப்பட்ட ஒரு கட்சி ஜெர்மனியின் ஒரு மாநிலத் தேர்தலில் முதலாவதாக வந்தது இதுதான் முதல் தடவை.

முடிவு என்ன? எண்களைச் சொல்லுங்கள்.

சட்டமன்றத்தில், அதாவது லாண்ட்டாக்கில், 88 இடங்கள்.

ஏ.எஃப்.டி.: 32.8%, 32 இடங்கள்
சி.டி.யு. (கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள்): 23.6%, 23 இடங்கள்
சாரா வாகன்க்னெஹ்ட் கட்சி: 15.8%, 15 இடங்கள்
இடதுசாரிக் கட்சி: 13.1%, 12 இடங்கள்
எஸ்.பி.டி. (சமூக ஜனநாயகவாதிகள்): 6.1%, 6 இடங்கள்

பசுமைக் கட்சிக்கு 3.2%, தாராளவாதிகளான எஃப்.டி.பி.க்கு 1.1%. இரண்டுக்கும் ஓர் இடம்கூட இல்லை. வாக்குப்பதிவு 73.6%. 2019 தேர்தலில் அது 64.9%.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் கண் முதல் வரியில் போய் நிற்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 30, 44, 45. அவையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட 30 பேர் வேண்டும். சரிபாதி 44. பெரும்பான்மை 45. அடுத்த நூறு நாட்களில் நடந்த எல்லாமே இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான்.

32.8 சதவீதம் என்பது மூன்றில் ஒன்றுக்குக் குறைவு. 88-இல் 32 என்பது மூன்றில் ஒன்றுக்கு அதிகம். எப்படி?

இதுதான் இந்தத் தேர்தலில் கவனிக்காமல் விடப்பட்ட முக்கியமான விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

ஜெர்மனியில் 5 சதவீத வாசல் இருக்கிறது. மாநிலம் முழுவதும் 5 சதவீத வாக்கு வாங்காத கட்சி இடப் பங்கீட்டில் சேராது. பசுமைக் கட்சி, எஃப்.டி.பி., இன்னும் பல சிறு கட்சிகள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. அவற்றுக்கு விழுந்த வாக்குகளைக் கூட்டினால் 8.6 சதவீதம். மீதி 91.4 சதவீதத்துக்குள்தான் 88 இடங்களும் பங்கிடப்பட்டன. அதனால் உள்ளே வந்த ஒவ்வொரு கட்சியின் பங்கும் கொஞ்சம் ஊதிக்கொண்டது. 32.8 சதவீத வாக்கு 36.4 சதவீத இடங்கள் ஆயிற்று.

மூன்றில் ஒரு பங்கு என்ற கோட்டை ஏ.எஃப்.டி. வாக்குச்சாவடியில் தாண்டவில்லை, பங்கீட்டில்தான் தாண்டியது. பசுமைக் கட்சிக்கு வாக்குப் போட்ட ஒருவர் அந்த இரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். ஏ.எஃப்.டி.யைத் தடுக்க வேண்டும் என்று போட்ட வாக்கு, கணக்கில் அதற்கே உதவியாகப் போயிற்று. இந்த வாசலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. 1919 அரசியலமைப்பில் பிறந்த வைமார் குடியரசில் ஏகப்பட்ட துண்டுக் கட்சிகளால் நாடாளுமன்றம் நிலையில்லாமல் ஆடிய அனுபவத்துக்குப் பிறகு வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை இந்தத் தேர்தல் நன்றாகக் காட்டிவிட்டது.

ஒருவருக்கு இரண்டு வாக்குகள் என்கிறார்களே?

ஆமாம். முதல் வாக்கு உங்கள் தொகுதி வேட்பாளருக்கு. இரண்டாவது வாக்கு கட்சியின் மாநிலப் பட்டியலுக்கு. மொத்தம் 44 தொகுதிகள். ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்பதை இரண்டாவது வாக்குதான் முடிவு செய்கிறது. தொகுதியில் ஜெயித்தவர்கள் முதலில் அந்த இடங்களில் உட்காருவார்கள், மீதியைப் பட்டியலில் இருப்பவர்கள் வரிசைப்படி நிரப்புவார்கள்.

ஏ.எஃப்.டி.யின் மாநிலத் தலைவர் ப்யோர்ன் ஹோக்கெ தன் தொகுதியில் சி.டி.யு. வேட்பாளரிடம் தோற்றார். பட்டியலில் முதல் ஆளாக இருந்ததால் அவைக்குள் வந்துவிட்டார்.

நம் ஊர் மாதிரி தொகுதியில் ஜெயித்தவர் மட்டும் போதும் என்று இருந்திருந்தால்?

44 தொகுதிகளில் ஏ.எஃப்.டி. 29-ஐப் பிடித்தது. சி.டி.யு. 11, இடதுசாரிக் கட்சி 4. தொகுதி வெற்றியை மட்டும் வைத்து அவை அமைந்திருந்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மட்டுமே வாக்களித்த ஒரு கட்சிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் கிடைத்திருக்கும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் இருப்பது அந்த முறைதான். விகிதாச்சார முறை குழப்பமானது, கூட்டணி பேசியே காலம் போகிறது என்று குறை சொல்பவர்களிடம் நான் இந்த 29-ஐச் சொல்வேன்.

தனிப்பெரும் கட்சியை ஆளுநர் அழைக்க மாட்டாரா?

அங்கே ஆளுநரே கிடையாது. "உங்களிடம் பலம் இருக்கிறதா" என்று யாரும் யாரையும் அழைத்துக் கேட்பதில்லை. முதல்வரைச் சட்டமன்றமே இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. துரிங்கியா அரசியலமைப்பின் 70-ஆவது பிரிவுப்படி, முதல் சுற்றில் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்றிலும் அதே விதி. அதிலும் கிடைக்காவிட்டால் மூன்றாம் சுற்று. அதில் யாருக்கு அதிக வாக்கு விழுகிறதோ அவர் முதல்வர். பெரும்பான்மை தேவையில்லை.

இந்த மூன்றாம் சுற்றுதான் 2020-இல் ஜெர்மனியையே உலுக்கியது.

2020-இல் என்ன நடந்தது?

2014 டிசம்பரிலிருந்து துரிங்கியாவின் முதல்வர் போடோ ராமெலோ. இடதுசாரிக் கட்சியிலிருந்து ஜெர்மனியில் ஒரு மாநிலத்துக்கு முதல்வரான முதல் மனிதர். மேற்கு ஜெர்மனியில் பிறந்து, பெர்லின் சுவர் இடிந்த பிறகு கிழக்கே வந்த தொழிற்சங்கக்காரர். 2019 அக்டோபர் தேர்தலில் அவர் கட்சிதான் 31.0 சதவீதத்தோடு முதலிடம். ஆனால் அவருடைய மூன்று கட்சிக் கூட்டணிக்கு 90-இல் 42 இடங்கள்தான் கிடைத்தன. சிறுபான்மை அரசு அமைக்கலாம் என்று நினைத்தார்.

2020 பிப்ரவரி 5. முதல் இரண்டு சுற்றுகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மூன்றாம் சுற்றில் எஃப்.டி.பி.யின் தாமஸ் கெம்மரிஷ் போட்டியில் இறங்கினார். அவர் கட்சி அந்தத் தேர்தலில் வெறும் 73 வாக்குகளில் 5 சதவீத வாசலைத் தாண்டிய கட்சி, அவையில் அதற்கு இருந்தவர்கள் 5 பேர். ஏ.எஃப்.டி.க்கும் ஒரு வேட்பாளர் இருந்தார், ஒரு சிற்றூரின் மேயர். வாக்குகளை எண்ணினார்கள். கெம்மரிஷுக்கு 45, ராமெலோவுக்கு 44, ஒருவர் யாருக்கும் போடவில்லை. ஏ.எஃப்.டி. வேட்பாளருக்கு வாக்கு பூஜ்யம். அந்தக் கட்சியின் 22 பேரில் ஒருவர்கூடச் சொந்த வேட்பாளருக்குப் போடவில்லை. அவரைப் பெயருக்கு நிறுத்திவிட்டு, வாக்குகளை அப்படியே கெம்மரிஷ் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் தீவிர வலதுசாரிகளின் வாக்கால் ஒருவர் முதல்வரானது அதுவரை நடக்காத ஒன்று. வாழ்த்துச் சொல்ல வந்த இடதுசாரிக் கட்சித் தலைவி சுசான்னெ ஹென்னிக்-வெல்சோவ், கையில் இருந்த பூங்கொத்தை கெம்மரிஷின் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்தார். தென்னாப்பிரிக்கா போயிருந்த அன்றைய சான்சலர் (நம் ஊர்ப் பிரதமர் மாதிரி) அங்கெலா மெர்க்கெல் அங்கிருந்தே இது மன்னிக்க முடியாதது என்றார். கெம்மரிஷ் மூன்றே நாளில் ராஜினாமா செய்தார். சி.டி.யு.வின் தேசியத் தலைவியாக இருந்த கிராம்ப்-கார்ரன்பவர் அடுத்த சில நாட்களில், தான் சான்சலர் வேட்பாளராக நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். மார்ச் 4 அன்று ராமெலோ மறுபடியும் முதல்வரானார்.

உடனே மறுதேர்தல் வைத்திருக்கலாமே?

வைப்பதாகத்தான் பேச்சு. 2021 ஏப்ரலில் தேர்தல் என்று முடிவு செய்தார்கள், கொரோனாவால் அது செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. ஆனால் அவையைக் கலைக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். சி.டி.யு. உறுப்பினர்கள் சிலர் மறுத்தார்கள். ஏ.எஃப்.டி. வாக்கு இல்லாமல் எண்ணிக்கை வராது என்ற நிலையில் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெரும்பான்மை இல்லாத அரசு முழுக் காலத்தையும் ஓட்டி முடித்தது.

எல்லாக் கட்சியும் ஏ.எஃப்.டி.யை ஏன் ஒதுக்குகின்றன? மூன்றில் ஒருவர் வாக்களித்திருக்கிறார்களே, இது ஜனநாயகமா?

அண்ணன் கேட்டதும் இதைத்தான். நியாயமான கேள்வி.

ஏ.எஃப்.டி.யின் துரிங்கியா கிளையை, அந்த மாநிலத்தின் அரசியலமைப்புப் பாதுகாப்புத் துறை, அதாவது உள்நாட்டு உளவுத்துறை, 2021-இல் உறுதிசெய்யப்பட்ட வலதுசாரித் தீவிரவாத அமைப்பு என்று வகைப்படுத்தியது. ஹோக்கெ வரலாற்று ஆசிரியராக இருந்தவர். பெர்லினில் யூத இனப்படுகொலைக்காக எழுப்பிய நினைவிடத்தைப் பற்றி 2017-இல் அவர் பேசியதை ஜெர்மனியில் யாரும் மறக்கவில்லை: தன் தலைநகரின் இதயத்தில் வெட்கத்தின் சின்னத்தை நட்டு வைத்த ஒரே மக்கள் நாம்தான் என்றார். நாஜிகளின் எஸ்.ஏ. படை பயன்படுத்திய, சட்டம் தடை செய்த ஒரு முழக்கத்தைப் பொதுக்கூட்டத்தில் சொன்னதற்காக 2024 மே மாதம் ஹாலெ நகர நீதிமன்றம் அவருக்கு 13,000 யூரோ அபராதம் போட்டது. ஜூலையில் அதே குற்றத்துக்கு இரண்டாவது அபராதம். வரலாறு சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த முழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்திருக்காது.

மற்றக் கட்சிகள் இந்தக் கட்சியோடு சேருவதில்லை என்று எடுத்த முடிவை ஜெர்மானியர்கள் தீச்சுவர் என்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தீ தன் வீட்டுக்குத் தாவாமல் கட்டுகிற சுவர். என் கருத்தைக் கேட்டால், வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கட்சி வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அவர்களும் ஜனங்கள்தான். யாரோடு கூட்டுச் சேருவது என்பது ஒவ்வொரு கட்சியின் உரிமை. முதலிடம் வந்துவிட்டது என்பதற்காக மற்றவர்கள் ஆதரவு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

1930 பற்றியும் பேசுகிறார்களே?

1929 டிசம்பரில் துரிங்கியா சட்டமன்றத் தேர்தலில் ஹிட்லரின் கட்சி வாங்கியது 11.3 சதவீதம், 6 இடங்கள். மற்ற வலதுசாரிக் கட்சிகளுக்குப் பெரும்பான்மை அமைய அந்த ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அதற்கு விலையாக 1930 ஜனவரியில் வில்ஹெல்ம் ஃப்ரிக் உள்துறையும் கல்வியும் கவனிக்கும் அமைச்சரானார். ஜெர்மனியின் எந்த மாநிலத்திலும் ஒரு நாஜி அமைச்சரானது அதுதான் முதல் தடவை. போலீசும் பள்ளிக்கூடமும் ஒரே கையில். 1932 ஜூலைத் தேர்தலில் அந்தக் கட்சி 42.5 சதவீதம் வாங்கி மாநிலத்தையே பிடித்தது. ஹிட்லர் பெர்லினில் சான்சலர் ஆவதற்கு ஆறு மாதம் முன்பே.

2020 பிப்ரவரியில் கெம்மரிஷ் முதல்வரானதை எதிர்த்து அத்தனை பேர் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பது இந்த ஆறு இடங்களின் கதை தெரிந்தால் புரியும்.

ஜனங்கள் ஏன் இப்படி வாக்களித்தார்கள்?

ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்ப வேண்டாம். பெர்லினில் அப்போது ஆண்ட மூன்று கட்சிக் கூட்டணிமேல் நாடு முழுவதும் கடும் அதிருப்தி இருந்தது. அந்த மூன்றும் துரிங்கியாவில் சேர்ந்து வாங்கியது 10.4 சதவீதம்தான். உக்ரைன் போர், எரிபொருள் விலை, அகதிகள் வருகை எல்லாம் பேச்சாக இருந்தன. தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு சோலிங்கன் நகரத் திருவிழாவில் ஓர் அகதி நடத்திய கத்திக்குத்துத் தாக்குதலில் மூன்று பேர் இறந்தார்கள். அது பிரச்சாரத்தின் கடைசி வாரத்தை முழுசாக விழுங்கிவிட்டது.

அதற்கெல்லாம் அடியில் நீண்ட காலத்து மனக்குறை ஒன்று இருக்கிறது. இரு ஜெர்மனிகளும் சேர்ந்த பிறகு கிழக்கில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, படித்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், மேற்கே போய்விட்டார்கள். சம்பளம் இன்னும் மேற்கைவிடக் குறைவு. தங்களை யாரும் மதிப்பதில்லை என்ற உணர்வு அங்கே ஆழமாக இருக்கிறது. அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஒன்று என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது. சுவர் இடிந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளைகளிடம்தான் ஏ.எஃப்.டி.க்கு ஆதரவு மிக அதிகம். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் அந்தக் கட்சிக்குப் போட்டதாக அன்றைய கருத்துக்கணிப்பு சொல்லிற்று. எழுபது வயதைக் கடந்தவர்களிடம் அந்த ஆதரவு மிகக் குறைவு. தாத்தா பாட்டி ஒரு பக்கம், பேரன் இன்னொரு பக்கம். போரின் இடிபாடுகளை நேரில் பார்த்த கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

31 சதவீதம் வாங்கிய ராமெலோவின் கட்சி 13.1 சதவீதத்துக்கு எப்படி விழுந்தது?

கட்சி இரண்டாக உடைந்தது. இடதுசாரிக் கட்சியின் மிகப் பிரபலமான முகமான சாரா வாகன்க்னெஹ்ட் வெளியேறி 2024 ஜனவரியில் தன் பெயரிலேயே ஒரு கட்சி தொடங்கினார். பொருளாதாரத்தில் இடது, அகதிகள் விஷயத்தில் கடுமை, உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்பக் கூடாது என்ற நிலைப்பாடு. எட்டே மாதத்தில் 15.8 சதவீதம். துரிங்கியாவில் அதன் முகம் காட்யா வோல்ஃப், ஐசனாக் நகரத்தின் மேயராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர்.

ராமெலோமேல் ஜனங்களுக்கு இருந்த மரியாதை குறையவில்லை. எர்ஃபுர்ட்டில் தன் தொகுதியை அவர் ஜெயித்தார். 2025-இல் தேசிய நாடாளுமன்றத்துக்குப் போய் அதன் துணைத் தலைவர்களில் ஒருவரானார்.

முதல் கூட்டத்தில் ஏதோ ரகளை என்று செய்தி வந்ததே?

செப்டம்பர் 26. புதிய அவையின் முதல் கூட்டத்தை, வயதில் மூத்த உறுப்பினர் நடத்துவது வழக்கம். அவர் ஏ.எஃப்.டி.யின் யூர்கன் ட்ராய்ட்லர், வயது 73. அவர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: தொடக்க உரை, வருகைப் பதிவு, அவைத் தலைவர் தேர்தல். அப்புறம் இறங்கிவிட வேண்டும்.

அவைத் தலைவருக்கான பெயரை முன்மொழியும் உரிமை பெரிய கட்சிக்கு என்று அவை விதி இருந்தது. எல்லாக் கட்சிகளும் முன்மொழியலாம் என்று அதைத் தேர்தலுக்கு முன்னாலேயே திருத்த மற்றவர்கள் விரும்பினார்கள். அந்தத் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விடவே ட்ராய்ட்லர் மறுத்தார். உறுப்பினர்கள் எழுந்து பேசினால் ஒலிவாங்கியை அணைக்கச் சொன்னார், கூட்டத்தைத் திரும்பத் திரும்ப ஒத்திவைத்தார். மணிக்கணக்கில் இதுவே நடந்தது. எதிர்த்தரப்பிலிருந்து "நீங்கள் செய்வது அதிகாரக் கைப்பற்றல்" என்று கத்தினார்கள். 1933-ஐக் குறிக்கும் சொல் அது. ஜெர்மானியர்கள் அதைச் சாதாரணமாக வாயில் எடுப்பதில்லை.

சி.டி.யு. வைமாரில் உள்ள மாநில அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாள் இரவே தீர்ப்பு வந்துவிட்டது: அவை தன் விதியைத் திருத்திக்கொள்ளலாம், ட்ராய்ட்லர் அதற்கு இடம் தர வேண்டும். சனிக்கிழமை, செப்டம்பர் 28 அன்று கூட்டம் மறுபடி கூடியது. சி.டி.யு.வின் தாடேயுஸ் கோனிக் 54 வாக்குகளோடு அவைத் தலைவரானார். ஏ.எஃப்.டி. வேட்பாளருக்கு 32.

ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாவிட்டாலும், நாற்காலி ஒரே ஒரு நாள் கைக்கு வந்தால் போதும், அவையை முடக்கிவிட முடியும். இதை முன்கூட்டியே சட்ட அறிஞர்கள் சொல்லியிருந்தார்கள். பழைய அவையிலேயே இந்த விதியைத் திருத்தியிருக்கலாம். திருத்தாமல் விட்டது பெரிய அலட்சியம் என்றுதான் சொல்வேன்.

பிறகு அரசு அமைந்தது எப்படி?

சி.டி.யு. 23, வாகன்க்னெஹ்ட் கட்சி 15, எஸ்.பி.டி. 6. கூட்டினால் 44. சரிபாதி. ஒரே ஓர் ஆள் குறைவு.

இடதுசாரிக் கட்சியின் 12 பேரைச் சேர்த்தால் 56. ஆனால் இடதுசாரிக் கட்சியோடும் ஏ.எஃப்.டி.யோடும் கூட்டணி கிடையாது என்று சி.டி.யு. 2018-லேயே தேசிய மாநாட்டில் தீர்மானம் போட்டிருந்தது. பழைய கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சி வழியில் வந்த கட்சி என்பதால் அப்படி. இதில் விசித்திரம் என்னவென்றால், அதே மரபில் பிறந்து நேற்றுப் பிரிந்துபோன வாகன்க்னெஹ்ட் கட்சியோடு சேரத் தடை இல்லை. அது உருவாகும் முன்பே எழுதப்பட்ட தீர்மானம்!

வாகன்க்னெஹ்ட் பெர்லினிலிருந்து நிபந்தனை வைத்தார்: உக்ரைனுக்கு ஆயுதம், ஜெர்மனியில் அமெரிக்க ஏவுகணைகள் இரண்டையும் எதிர்க்கும் வாசகம் ஒப்பந்தத்தில் வேண்டும். மாநில அரசுக்கும் ஏவுகணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எதுவும் இல்லை. காட்யா வோல்ஃப் தன் கட்சித் தலைவியோடு வெளிப்படையாகவே முரண்பட்டுக்கொண்டு, முன்னுரையில் ஒரு சமரச வாசகத்தோடு ஒப்பந்தத்தை முடித்தார். மூன்று கட்சிகளின் நிறங்கள் கறுப்பு, ஊதா, சிவப்பு. அவை நாவல் நிறக் கொடிப்பழமான பிளாக்பெரியை நினைவுபடுத்துவதால், பிளாக்பெரிக் கூட்டணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

44 பேரோடு முதல்வர் தேர்தலில் ஜெயித்தது எப்படி?

டிசம்பர் 12. சி.டி.யு.வின் மரியோ ஃபோய்க்ட் வேட்பாளர். மூன்றாம் சுற்று வரை போனால் 2020 மறுபடியும் நடக்குமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அதனால் முந்தைய நாட்களில் இடதுசாரிக் கட்சியோடு பேசினார்கள். கூட்டணி என்று பெயர் வைக்காமல், முக்கியமான மசோதாக்களை முன்கூட்டியே கலந்துபேசுவது என்று ஓர் ஏற்பாடு.

முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. ஆதரவு 51, எதிர்ப்பு 33, நடுநிலை 4. கூட்டணிக்கு வெளியிலிருந்து ஏழு வாக்காவது வந்திருக்க வேண்டும். காட்யா வோல்ஃப் நிதியமைச்சரும் துணை முதல்வரும் ஆனார், எஸ்.பி.டி.யின் கியோர்க் மையர் உள்துறையில் தொடர்ந்தார்.

அப்படியானால் ஏ.எஃப்.டி.க்கு இந்த 32 இடங்களால் பயன் இல்லையா?

இருக்கிறது, நிறைய. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் எதையும் அது தடுக்கலாம்: அரசியலமைப்பைத் திருத்துவது, அவையைக் கலைப்பது, மாநில அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது, மற்ற நீதிபதிகளின் நியமனத்தில் பங்கேற்கும் குழுவுக்கு உறுப்பினர்களை அனுப்புவது. ஏ.எஃப்.டி. ஒத்துழைக்காததால் 2025-இல் அந்தக் குழுவை அமைப்பதே பெரிய இழுபறியானது. செப்டம்பர் 27 இரவு அவையைக் காப்பாற்றியது ஒரு நீதிமன்றம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நீதிமன்றத்தில் யார் உட்காருவது என்பதில் இப்போது அந்தக் கட்சிக்குத் தடுக்கும் கை இருக்கிறது. முதலிடம் பிடித்தது யார் என்பதைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

அதே சமயம் பக்கத்து மாநிலங்களில்?

சாக்சனியில் அதே நாளில் தேர்தல். சி.டி.யு. 31.9, ஏ.எஃப்.டி. 30.6 சதவீதம். அங்கே இடப் பங்கீட்டில் ஒரு மென்பொருள் தவறால் ஏ.எஃப்.டி.க்கு முதலில் 41 இடங்கள் அறிவித்தார்கள். 120 பேர் கொண்ட அவையில் 41 என்றால் தடுக்கும் பலம். மறுநாள் திருத்தினார்கள், 40. ஒரே ஓர் இடம், அந்தப் பலம் போயிற்று. மூன்று வாரம் கழித்து பிராண்டன்பர்க்கில் எஸ்.பி.டி. 30.9 சதவீதத்தோடு ஏ.எஃப்.டி.யை (29.2) மயிரிழையில் முந்தியது. ஆனாலும் அங்கே 88-இல் 30 இடங்களோடு ஏ.எஃப்.டி. மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டது.

வாக்கு இயந்திரமா, சீட்டா?

காகிதச் சீட்டுதான், பேனாவால் குறியிட்டு. ஜெர்மனியில் இயந்திரம் இருந்தது, 2005 தேசியத் தேர்தலில்கூடப் பயன்படுத்தினார்கள். எண்ணிக்கை நடப்பதைத் தொழில்நுட்பம் தெரியாத சாதாரண மனிதரும் சரிபார்க்க முடிய வேண்டும், இந்த இயந்திரங்களில் அது முடியாது என்று 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாலை 6 மணிக்குச் சாவடி மூடும், அங்கேயே மேசையில் கொட்டி எண்ணுவார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

அங்கே வாழும் தமிழர்கள் வாக்களிக்கலாமா?

ஜெர்மன் குடியுரிமை இருந்தால் மட்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும், துரிங்கியாவில் வசிக்க வேண்டும். யேனாவிலும் இல்மெனாவிலும் படிக்கிற நம் பிள்ளைகள் இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பதால் வாக்கு இல்லை. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஐந்து ஆண்டு வசித்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையை விட வேண்டும் என்று ஜெர்மனி கேட்பதில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பது தனிச் சிக்கல். குடியுரிமை வாங்கிய ஈழத்தமிழர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் முழு வாக்குரிமை உண்டு. பதிவு செய்யவே வேண்டாம், வாக்காளர் அறிவிப்பு தபாலில் வீட்டுக்கு வந்துவிடும்.

44-க்கு 44 என்றால் அன்றாடம் அவை எப்படி நடக்கிறது? அரசு கவிழாதா?

சமமாக வந்தால் மசோதா தோற்கும். அதனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் எதிர்வரிசையில் ஒருவரையாவது அரசு சம்மதிக்க வைக்க வேண்டும், அல்லது யாராவது ஒதுங்கி நிற்க வேண்டும். 2025-க்கான வரவு-செலவுத் திட்டம் இடதுசாரிக் கட்சியின் ஒத்துழைப்போடுதான் நிறைவேறியது.

கவிழ்ப்பது அவ்வளவு எளிதில்லை. முதல்வர்மேல் நம்பிக்கை இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, அதே வாக்கெடுப்பில் அவருக்குப் பதில் இன்னொருவரை 45 பேர் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிர்வரிசையில் இருப்பது ஏ.எஃப்.டி.யின் 32 பேரும் இடதுசாரிக் கட்சியின் 12 பேரும். அவர்கள் ஒருவருக்காகச் சேர்ந்து கை தூக்கப்போவதில்லை. தூக்கினாலும் 44தான்.

டிசம்பர் 12 அன்று இதையெல்லாம் சொல்ல அண்ணனுக்கு நானே போன் செய்தேன். 51 என்றதும், "அந்த ஏழு பேர் யாரு?" என்றார். இரகசிய வாக்கெடுப்பு, யாருக்கும் தெரியாது என்றேன்.